லாட்ஜ் போனில் 108 அழுத்தினால் ஆம்புலன்ஸ் வருமா, பக்கத்து ரூமில் மணி அடிக்குமா? - ஆபீஸ் இன்டர்நெட் போன் இயங்குவது எப்படி?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலையின் உச்சியில் மாலை 6 மணிக்கு மகா தீபம் ஏற்றப்படுகிறது. கீழே லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் செல்போனை உயர்த்துகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், ஊருக்கு அனுப்புகிறார்கள். சிக்னல் திணறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த நேரத்தில் ஒரு லாட்ஜின் முதல் மாடியில் வயதானவர் ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட வந்தவரின் மொபைலில் லைன் கிடைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போன் இருக்கிறது. எடுக்கிறார், 108 அழுத்துகிறார்.

யார் எடுப்பார்கள்? ஆம்புலன்ஸ் சேவையா, அல்லது அதே மாடியில் இருக்கும் 108-ம் நம்பர் ரூம்காரரா?

பல இடங்களில் ரூம் நம்பரேதான் இன்டர்காம் நம்பரும். முதல் மாடி ரூம்கள் 101-ல் தொடங்கும். 101 என்பது தீயணைப்புத் துறை, 108 ஆம்புலன்ஸ், 112 அனைத்து அவசர உதவிக்குமான எண். மூன்றுமே முதல் மாடி ரூம் நம்பர்கள்! மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ அழுத்தினாலும், முதல் 3 இலக்கம் வந்தவுடனே 107-ம் ரூமில் மணி அடித்துவிட வாய்ப்பு உண்டு.

இதற்கு விடை அந்த போனுக்குள் இல்லை. போன் பேசும் பாஷையிலும், அதைக் கேட்டு முடிவெடுக்கும் ஒரு பெட்டியிலும் இருக்கிறது. அந்தப் பாஷைகளைத்தான் 'புரோட்டோகால்' என்கிறார்கள்.

பார்க்க போன், உள்ளே கம்ப்யூட்டர்

ஆபீஸ் மேஜையில், வங்கிக் கவுன்டரில், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இப்போது இருப்பவற்றில் நிறைய இன்டர்நெட் போன்கள். ரிசீவர், பட்டன், சுருள் வயர் எல்லாம் பழைய மாதிரியேதான். ஆனால் பின்னால் செருகியிருப்பது டெலிபோன் வயர் அல்ல, கம்ப்யூட்டருக்குப் போடும் நெட்வொர்க் கேபிள்.

பழைய லேண்ட்லைனுக்கு கரண்ட் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசித்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளில் இருந்து, செம்புக் கம்பி வழியாகவே 48 வோல்ட் வீடு வரை வந்தது. அதனால்தான் புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் 'டொய்ங்ங்' என்று டயல் டோன் கேட்டது. கார்ட்லெஸ் வாங்கியவர்களுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை, அதன் அடிப்பெட்டிக்கு வீட்டு கரண்ட் வேண்டும்.

இன்டர்நெட் போனுக்கும் அதே அளவு வோல்டேஜ்தான் பெரும்பாலும் கேபிள் வழியே வருகிறது. 2003-ல் வந்த 'பவர் ஓவர் ஈதர்நெட்' என்ற தரநிலையின்படி, நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டி ஒவ்வொரு போனுக்கும் 15.4 வாட் வரை கொடுக்கலாம். வித்தியாசம் என்னவென்றால், முன்பு பேட்டரியைப் பார்த்துக்கொண்டது எக்ஸ்சேஞ்ச். இப்போது பார்த்துக்கொள்ள வேண்டியது லாட்ஜ் ஓனர். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த ஸ்விட்சுக்கு யுபிஎஸ் இல்லையென்றால், கரண்ட் போன அந்த நொடியே எல்லா போனும் செத்துவிடும்.

வீட்டில் ஃபைபர் நெட்டுடன் லேண்ட்லைன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. சுவரில் மாட்டிய மோடம் பெட்டி அணைந்தால் லேண்ட்லைனும் அணைந்தது.

செருகியதும் முதலில் என்ன நடக்கிறது?

கேபிளைச் செருகியதும் போன் 'பூட்' ஆகிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் மாதிரி முதலில் தங்க இடம் கேட்கிறது: "எனக்கு ஒரு விலாசம் கொடுங்கள்." இதைக் கேட்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ரவுட்டர் 192.168.1.25 என்பது போல ஒரு விலாசத்தைக் கொடுக்கிறது. கூடவே, "உன் செட்டிங்ஸ் எல்லாம் அந்த சர்வரில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்" என்றும் சொல்லிவிட முடியும். 50 போன் வாங்கினால் 50-லும் ஆள் உட்கார்ந்து நம்பர் பதிய வேண்டாம்.

அடுத்து, போன் தன் ஆபீஸின் டெலிபோன் சர்வரைத் தேடிப்போய் ஆஜர் போடுகிறது. "நான் 204, இந்த விலாசத்தில் இருக்கிறேன், இது என் பாஸ்வேர்டு." இந்த ஆஜருக்கு ஆயுள் குறைவு. ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ செட் செய்திருப்பார்கள், முடிவதற்குள் மறுபடி போட வேண்டும். "வெளியே கால் போகுது, உள்ளே மட்டும் வரமாட்டேங்குது" என்று ஆபீஸில் புலம்பல் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஆஜரைத்தான். 204 எங்கே இருக்கிறது என்று சர்வருக்கே தெரியாதபோது, அது யாரிடம் மணி அடிக்கச் சொல்லும்?

எஸ்ஐபி: பேச வைக்கும், தான் பேசாது

ஆஜர் போடுவது, அழைப்பது, மணி அடிக்க வைப்பது, துண்டிப்பது - இவை அனைத்தையும் செய்யும் புரோட்டோகாலின் பெயர் எஸ்ஐபி. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கட்டும் எஸ்ஐபி அல்ல, இது வேறு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்னிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி உள்ளிட்டோர் உருவாக்கிய இதன் முதல் தரநிலை 1999-ல் வெளியானது. இன்று புழக்கத்தில் இருக்கும் வடிவம் 2002-ஐச் சேர்ந்தது.

கல்யாணத் தரகர் வேலைதான் இது. இரண்டு தரப்பையும் சேர்த்து வைப்பதோடு சரி, பிறகு அவர்கள் பேசிக்கொள்வார்கள். ரிசப்ஷனில் இருந்து 204-க்கு அழைத்தால், போன் முதலில் சர்வருக்கு 'இன்வைட்' என்ற அழைப்பிதழை அனுப்புகிறது. "பொறுங்கள், முயல்கிறேன்" என்பதற்கு சர்வர் 100 என்ற எண்ணைப் பதிலாகத் தரும். அங்கே மணி அடிக்கத் தொடங்கினால் 180. ரிசீவரை எடுத்தால் 200. பிசி என்றால் 486. அப்படி ஒரு நம்பரே இல்லையென்றால் 404. ஆமாம், வெப்சைட் கிடைக்காதபோது திரையில் வருமே, அதே 404-தான். இணையதளங்களின் பாஷையைப் பார்த்துத்தான் எஸ்ஐபியை எழுதினார்கள்.

இந்தச் செய்திகள் எல்லாம் படிக்கக்கூடிய வெறும் எழுத்துகள். அழைப்பிதழோடு ஒரு விசிட்டிங் கார்டும் போகும். "என் குரலை இந்த விலாசத்துக்கு அனுப்புங்கள், எனக்கு இந்தெந்த முறைகளில் குரலைச் சுருக்கவும் விரிக்கவும் தெரியும்" என்று அதில் எழுதியிருக்கும்.

இப்போது அந்த 108 பிரச்சினைக்கு வருவோம். பழைய ரோட்டரி போனில் ஒவ்வொரு எண்ணும் சுற்றச் சுற்ற எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடும். இன்டர்நெட் போனோ வழக்கமாக எண்களை முதலில் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஒரே அழைப்பிதழாக அனுப்புகிறது. வந்த எண் ரூம் நம்பரா, வெளி நம்பரா என்று முடிவெடுப்பது சர்வரில் எழுதி வைத்திருக்கும் விதிப்பட்டியல். அதற்கு 'டயல் பிளான்' என்று பெயர். போனிலும் ஒரு சின்ன பட்டியல் இருக்கும். "1-ல் தொடங்கும் 3 இலக்கம் வந்தால் ரூம்" என்று அதில் இருந்தால், 1077-ன் கடைசி 7-ஐ அழுத்துவதற்குள் 107-ல் மணி அடித்துவிடும். போன் கெட்டுப்போகவில்லை. சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சிறுமி 4 முறை டயல் செய்த கதை

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம், மார்ஷல் என்ற ஊரில் ஒரு விடுதி அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அறையில் இருந்த போனை எடுத்து, சொல்லிக் கொடுத்திருந்தபடி அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ அழுத்தினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். மொத்தம் 4 முறை. ஒருமுறைகூட போகவில்லை.

காரணம், அந்த விடுதியில் வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும். அது அந்தச் சிறுமிக்குத் தெரியாது. காரி ஹன்ட் உயிரிழந்தார்.

அவருடைய தந்தை நடத்திய இயக்கத்தின் விளைவாக 2018-ல் அமெரிக்காவில் 'காரி சட்டம்' வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு தயாரிக்கப்படும், விற்கப்படும், பொருத்தப்படும் ஆபீஸ் மற்றும் விடுதி போன் அமைப்புகளில் முன்னால் எந்த எண்ணும் சேர்க்காமல் 911 நேரடியாகப் போக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அப்படி ஒரு கால் போனால் ரிசப்ஷன் போன்ற இடத்துக்கும் தகவல் வர வேண்டும்.

இதைச் செய்ய டயல் பிளானில் சில வரிகள் போதும். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நம்மூர் லாட்ஜ்களிலும் வெளியே பேச 0 அல்லது 9 அழுத்தச் சொல்லி டெலிபோனுக்குப் பக்கத்தில் சின்ன அட்டை ஒட்டியிருப்பார்கள். நெஞ்சுவலிக்காரருக்குப் பக்கத்தில் நிற்பவர் அந்த அட்டையைத் தேடிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

குரல் எப்படிப் போகிறது?

எஸ்ஐபி சேர்த்து வைத்ததும், குரலைச் சுமக்கும் வேலையை ஆர்டிபி என்ற இன்னொரு புரோட்டோகால் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பேசுவதை போன் நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அதை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஆக, நொடிக்கு 50 பொட்டலங்கள். ஜி.711 என்ற வழக்கமான முறையில் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், மேலே 40 பைட் விலாசம், வரிசை எண் இத்யாதி. கணக்குப் போட்டால் ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்கூட ஆகாது.

அப்படியானால் 100 எம்பிபிஎஸ் கனெக்ஷன் போட்டும் குரல் ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது? வேகம் பிரச்சினை இல்லை, தாமதத்தின் ஏற்ற இறக்கம்தான் பிரச்சினை.

கிரிவலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பஸ்ஸில் வந்த 50 பேர் ராஜகோபுரத்தில் இருந்து ஒன்றாகக் கிளம்புகிறார்கள். 14 கிலோமீட்டர் சுற்றி வரும்போது ஒருவர் சீக்கிரம் வருவார், ஒருவர் டீ குடித்துவிட்டு வருவார், ஒருவர் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார். பஸ் டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, தலை எண்ணி, கிளம்புகிறார். போனும் இதையேதான் செய்கிறது. வந்த பொட்டலங்களைச் சில பத்து மில்லி நொடிகள் நிறுத்தி வைத்து, வரிசை எண் பார்த்து அடுக்கி, பிறகு ஒலிக்கிறது. அதற்கும் பிந்தி வந்த பொட்டலத்துக்கு இடமில்லை, அந்தத் துண்டு குரல் போனது போனதுதான். எல்லோரும் வரட்டும் என்று அதிகம் காத்திருந்தால் "ஹலோ... ஹலோ..." என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல்.

லாட்ஜில் 40 ரூம் விருந்தினர்களும் அதே வைஃபையில் தீபம் வீடியோவை அப்லோடு செய்யும்போது, குரல் பொட்டலங்களும் அந்தக் கும்பலுக்குள் சிக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த டெக்னீஷியன்கள் போன்களுக்குத் தனிப் பாதை ஒதுக்கி, ஸ்விட்சிலும் ரவுட்டரிலும் 'குரலுக்கு முதல் வழி' என்று செட் செய்கிறார்கள். கூட்டத்தில் ஆம்புலன்சுக்கு வழி விடுவது மாதிரி.

இன்னொரு பிரபலமான கோளாறு: மணி அடிக்கும், எடுப்பார்கள், ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கவே கேட்காது. இது அந்த விசிட்டிங் கார்டால் வரும் வினை. போன் தன் விலாசமாக 192.168.1.25 என்று எழுதி அனுப்பியிருக்கும். அது ஆபீஸுக்குள் மட்டும் செல்லும் விலாசம். 'ரூம் நம்பர் 25' என்று மட்டும் எழுதி, லாட்ஜ் பெயரும் தெருவும் எழுதாமல் கடிதம் போடச் சொன்ன கதை. வெளியில் இருந்து நம்மைப் பார்த்தால் என்ன விலாசம் தெரிகிறது என்று போன் ஒரு வெளி சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சில ரவுட்டர்கள், தாங்களாகவே விலாசத்தைத் திருத்துகிறேன் பேர்வழி என்று இன்னும் குழப்புவதும் உண்டு. அந்த 'உதவி'யை அணைத்து வைத்ததும் குரல் வந்துவிடுவதை டெக்னீஷியன்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பதும் இதே பாஷைதான்

இதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அதில் பேசும் ஒவ்வொரு காலும் டேட்டாவில் பொட்டலம் பொட்டலமாகப் போகும் குரல்தான், ஏற்பாடு செய்வது எஸ்ஐபிதான். மற்ற நிறுவனங்களின் 4ஜி காலும் அப்படியே.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மொபைலில் 112 அழுத்தினால் எந்த டவரில் இருந்து கால் வருகிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும். பழைய லேண்ட்லைனில், கம்பி எந்த வீட்டில் முடிகிறது என்பது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். ஆபீஸ் இன்டர்நெட் போனுக்கு அப்படி நிரந்தர ஊர் கிடையாது. சென்னையில் பதிவு செய்த போனைக் கழற்றி திருவண்ணாமலைக் கிளையில் செருகினாலும் அதே 044 நம்பரோடு வேலை செய்யும். அதன் வசதியே அதுதான். அவசர நேரத்தில் அதன் ஆபத்தும் அதுதான். கால் எந்த ஊரில் வெளியே இறங்குகிறதோ, அந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது.

டிராய் அமைப்பு 2017 அக்டோபரில் இணையவழித் தொலைபேசி குறித்துத் தந்த பரிந்துரையிலும் இந்தச் சிக்கல் பேசப்பட்டது. அவசர எண் வசதியை நிறுவனங்கள் தர ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயமாக்க வேண்டாம், ஆனால் அதில் உள்ள வரம்புகளை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே அதன் நிலை. சொல்லிவிட வேண்டும் என்றால், எங்கே சொல்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் படிக்காத ஒப்பந்தத் தாளில்தான்.

'அழைப்பவர் நம்பர்' என்பதும் எஸ்ஐபியில் அனுப்புபவர் எழுதும் ஒரு வரிதான். கவருக்குப் பின்னால் எழுதும் அனுப்புநர் முகவரி மாதிரி. இடையில் உள்ள நிறுவனம் சரிபார்க்காவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு +91 நம்பரைக் காட்டி மிரட்டும் மோசடிக் கும்பல்கள் இதைத்தான் பயன்படுத்தின. அவற்றைத் தடுக்கும் அமைப்பை மத்திய அரசு 2024 அக்டோபர் 22-ல் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டதாகத் தொலைத்தொடர்புத் துறை தெரிவித்தது.

மழை நாளில் என்ன ஆகும்?

திருவண்ணாமலைக்கு இது ஏன் வெறும் டெக்னிக்கல் விஷயம் இல்லை என்பதற்கு 2024 டிசம்பர் 1-ஐ நினைவுபடுத்தினால் போதும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். கொட்டிய மழையில் மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்ததில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அடுத்த 12 நாளில், டிசம்பர் 13-ல், அதே மலையில் தீபமும் ஏற்றப்பட்டது.

அப்படி ஒரு இரவில் கரண்ட் போகலாம், ஃபைபர் கேபிள் அறுபடலாம், டவர் திணறலாம். அப்போது ஒரு லாட்ஜின் போன் எந்த அளவுக்கு உயிரோடு இருக்கும் என்பது, டெலிபோன் சர்வர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்வர் லாட்ஜுக்குள்ளேயே ஒரு பெட்டியாக இருந்தால், நெட் போனாலும் ரூமில் இருந்து ரிசப்ஷனுக்குப் பேசலாம். 'கிளவுட்' சேவை என்றால் சர்வர் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும். 204-ல் இருந்து கீழே ரிசப்ஷனைக் கூப்பிடும் அழைப்பும் அவ்வளவு தூரம் போய் ஏற்பாடாகித் திரும்ப வேண்டும். நெட் அறுந்தால், இரண்டு மாடி கீழே இருப்பவரைக்கூட அழைக்க முடியாது. மாதக் கட்டணம் குறைவு என்று கிளவுடுக்கு மாறும்போது விற்பவர்கள் இதை முதல் பக்கத்தில் போடுவதில்லை.

கரண்ட் பிரச்சினைக்குச் செலவு பெரிதில்லை. ஒரு போன் சுமார் 5 வாட் எடுக்கும் என்று வைத்தால் 10 போனுக்கு 50 வாட். ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் சேர்த்தால் ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுதான். வீட்டு இன்வெர்ட்டரே பல மணி நேரம் தாங்கும். ஆனால் இந்தப் பெட்டிகள் அனைத்துமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். போனுக்கு பேக்கப் கொடுத்துவிட்டு, மோடத்தை மட்டும் சாதாரண பிளக்கில் விட்டுவிட்டால் பயனில்லை.

உங்கள் ஆபீஸிலோ லாட்ஜிலோ நிலைமை எப்படி என்று பார்க்க, விளையாட்டுக்கு 108-ஐ அழைத்துப் பார்க்க வேண்டாம். நிஜமான அவசரக் கால் ஒன்று காத்திருக்க நேரும். முதலில், அந்த போனில் இருந்து உங்கள் மொபைலுக்கே ஒரு கால் போடுங்கள். திரையில் திருவண்ணாமலையின் 4175 தெரிகிறதா, சென்னையின் 44 தெரிகிறதா, வேறு ஏதாவது நம்பரா என்று பாருங்கள். பிறகு, போனைப் பொருத்திக் கொடுத்தவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: 0 போடாமல் 108, 112, 101, 1077 நேரடியாக வெளியே போகுமா? போனால் எந்த ஊரில் எடுப்பார்கள்? மெயின் ஸ்விட்சை அணைத்தால் எத்தனை நிமிடம் தாங்கும்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவர் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டம் இல்லாத ஒரு பகல் நேரத்தில் மெயினை அணைத்துவிட்டு, மொபைலில் நேரம் பார்த்துக்கொண்டு, ரிசீவரைக் காதில் வைத்துப் பார்க்கலாம்.